தவழ்வதை ஏன் விடுகிறது குழந்தை?

பத்து மாதக் குழந்தை தவழும் வேகம் அதன் பின்னால் ஓடியவர்களுக்குத் தெரியும். அடுப்பில் இருக்கும் குழம்பைக் கிண்டிவிட்டுத் திரும்புவதற்குள் வாசல் நிலைப்படிக்குப் போயிருக்கும். முட்டி காய்த்துக் கறுத்திருக்கும். நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இப்படித் தேர்ந்துவிட்ட வித்தையைத்தான் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் அது கைவிடுகிறது. சுவரைப் பிடித்து எழுகிறது; கையை விட்டு இரண்டு எட்டு வைக்கிறது; பொத்தென்று உட்காருகிறது. மறுபடி எழுகிறது. நன்றாகத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு, விழுந்து விழுந்து கற்க வேண்டிய ஒன்றை ஏன் பிடித்துக்கொள்கிறது?

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டி வரும் பந்தல்குடியில் இந்தக் கேள்விக்கான காட்சி வீட்டுக்கு வீடு உண்டு. சுற்றிலும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரிகள். அம்மா மில்லுக்கோ காட்டு வேலைக்கோ போயிருந்தால் பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். “இவென் ஒரு எடத்துல ஒக்காறானா பாரு” என்று சாயங்காலம் அவர்கள் சலித்துக்கொள்வதில் கூர்மையான கவனிப்பு இருக்கிறது. நியூயார்க் ஆய்வகத்தில் கேமரா வைத்து எண்ணிப் பார்த்தவர்களும் இதையேதான் கண்டார்கள். அதற்கு வருவதற்கு முன் கால்களிலிருந்து தொடங்கலாம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாதம் பாயில் படும்படி பிடித்தால், அது மாறி மாறிக் கால் எடுத்து வைக்கும். மருத்துவர்கள் இதை எட்டுவைக்கும் அனிச்சை என்பார்கள். அனிச்சை என்றால் யோசனை இல்லாமல் உடம்பு தானாகச் செய்வது. இரண்டு மாதம் ஆனதும் இது மறைந்துவிடும். மூளை வளர வளர இந்தப் பழைய அனிச்சையை அடக்கிவிடுகிறது என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன.

அமெரிக்க ஆய்வாளர் எஸ்தர் தெலனுக்கு அந்த விளக்கம் போதவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் காலை அசைக்காத அதே குழந்தை, மல்லாக்கப் படுக்கப் போட்டால் ஓயாமல் உதைக்கிறது. உதைக்கும் அசைவும் எட்டு வைக்கும் அசைவும் ஒன்றுபோலவே இருந்தன. அப்படியானால் மூளை ஒன்றை மட்டும் அடக்கி மற்றதை ஏன் விட்டுவைக்க வேண்டும்? காரணம் காலிலேயே இருக்கலாம் என்று அவர் கருதினார். முதல் மாதங்களில் குழந்தைக்குக் கொழுப்பு ஏறும் வேகத்துக்குத் தசையில் வலு ஏறுவதில்லை. கொழுகொழு காலைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். 1984இல் வெளியான ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினார். எட்டு வைத்துக்கொண்டிருந்த குழந்தைகளின் காலில் சிறு எடை கட்டியதும் எட்டு குறைந்தது. காலைத் தண்ணீரில் மூழ்கவைத்து நிறுத்திப் பிடித்ததும், கனம் குறைந்து எட்டு கூடியது.

இதன் பொருள் பெரியது. நடப்பதற்கான கால் அசைவு பிறக்கும்போதே உண்டு. குழந்தைக்கு இல்லாதவை வலுவும், ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கும் சமநிலையும். இவை இரண்டும் புழங்கப் புழங்கத்தான் வரும்.

எப்போது வரும் என்பதில் வீடுகளில் ஏகப்பட்ட கவலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தே மாதத்தில் நடந்துவிட்டால் இந்த வீட்டு அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் குழந்தைகளை மாதாமாதம் பின்தொடர்ந்து பார்த்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் டெல்லியைச் சேர்ந்தவர்கள். நல்ல ஊட்டத்தோடு வளரும் குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்குவது சராசரியாக 12 மாதத்தில். ஆனால் இயல்பான வீச்சு 8 மாதத்துக்குச் சற்று மேலே தொடங்கி 17 மாதத்தைத் தாண்டியும் நீள்கிறது. 100 குழந்தைகளில் 4 பேர் முட்டியிட்டுத் தவழாமலேயே நடைக்கு வந்துவிட்டார்கள். தவழாத பிள்ளைக்கு ஏதோ குறை என்று பயப்படுகிற வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் இந்த வளர்ச்சிப் படிகளைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். செங்கீரைப் பருவம் என்பது குழந்தை கையைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, உடம்பை அசைத்தாடும் ஐந்தாம் மாத நிலை. ஓராண்டை ஒட்டி வருவது வருகைப் பருவம். நடந்து வா என்று குழந்தையை அழைப்பது. கடவுளையும் அரசரையும் பாடும்போதும் கண் எதிரே இருந்தது ஒரு வீட்டுக் குழந்தையின் உடம்புதான்.

இனி எண்ணிக்கைக்கு வரலாம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் நடையைப் படித்துவருபவர். குழந்தை நடப்பதை அதற்கு முன்பு அளந்தவர்கள் பெரும்பாலும் அதை ஒரு நேர்கோட்டில் அம்மாவை நோக்கி நடக்கவைத்தே அளந்தார்கள். எந்த வீட்டுக் குழந்தை அப்படி நடக்கிறது? அடால்ஃபும் குழுவினரும் விளையாட்டுச் சாமான்கள் நிறைந்த அறையில் குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டு, வீடியோ எடுத்து, பிறகு உட்கார்ந்து ஒவ்வோர் எட்டையும் ஒவ்வொரு விழுதலையும் எண்ணினார்கள். 2012இல் வெளியான கணக்கு இது: 12 முதல் 19 மாதக் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 எட்டு வைத்தார்கள், சுமார் 700 மீட்டர் நடந்தார்கள், 17 முறை விழுந்தார்கள். சாப்பாடு, தூக்கம், இடுப்பில் இருக்கும் நேரம் எல்லாம் போக நாளுக்கு 6 மணி நேரம் குழந்தை ஓடியாடுகிறது என்று வைத்துக்கொண்டால், 4 கிலோமீட்டருக்கு மேல் நடை, 14,000 எட்டு, 100 விழுதல். அப்பத்தாவுக்கு இடுப்பு வலிப்பதில் வியப்பில்லை.

அந்த ஆய்வில்தான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் விடை இருந்தது. நன்கு தவழத் தெரிந்தவர்களையும் புதிதாக நடக்கத் தொடங்கியவர்களையும் குழுவினர் ஒப்பிட்டார்கள். தவழும் குழந்தைகளும் விழுகின்றன! கை வழுக்கி முகம் தரையில் முட்டும், பக்கவாட்டில் சாயும். தரைக்குப் பக்கத்திலேயே நிகழ்வதால் பெரியவர்கள் அதை விழுதலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. புதிதாக நடக்கும் குழந்தை அதிக நேரம் நகர்கிறது, அதிக தூரம் போகிறது, வேகமாகவும் போகிறது. அந்த நேரத்தையும் தூரத்தையும் கணக்கில் எடுத்தால், அது தவழும் குழந்தையைவிட அதிகமாக விழவில்லை. அதே அளவு விழுதலுக்கு முன்னைவிட அதிக உலகம் கிடைக்கிறது. அந்த வியாபாரத்தைக் குழந்தை ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறது?

அந்த அதிக உலகம் என்ன என்பதையும் பார்த்தார்கள். தலையில் மாட்டும் சிறு கேமராவும், கண்மணி எங்கே திரும்புகிறது என்று காட்டும் இன்னொரு கேமராவும் சேர்ந்த கருவி ஒன்று உண்டு. பார்வைத்தடக் கருவி என்று சொல்லலாம். 13 மாதக் குழந்தைகளுக்கு இதை மாட்டிப் பார்த்தார்கள். வயது ஒன்று, ஆனால் சிலர் தவழ்பவர்கள், சிலர் நடப்பவர்கள். தவழும் குழந்தையின் கண்ணுக்கு முன் பெரும்பாலும் தரைதான் இருந்தது; அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று, உட்கார்ந்து, நிமிர வேண்டியிருந்தது. நடக்கும் குழந்தைக்கு அறை முழுவதும், எதிர்ச் சுவரும், எதிரே நிற்கும் முகமும் போகிற போக்கிலேயே தெரிந்தன.

கையும் விடுதலையாகிறது. தவழும் குழந்தை இருந்த இடத்திலிருந்தே பொருளைத் தூக்கிக் காட்டும். நடக்கும் குழந்தை அரைப்படியையோ அகப்பையையோ எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்து நீட்டும். பொருளைக் கொண்டுவந்து நீட்டும் குழந்தையிடம் அம்மாக்கள் பேசும் பேச்சும் மாறுகிறது என்று லானா கராசிக் என்ற ஆய்வாளரும் குழுவினரும் காட்டினார்கள். “இதைத் திற”, “அங்கே வை” என்று செயலைச் சொல்லும் சொற்கள் கூடுகின்றன. ஒரே வயதுக் குழந்தைகளில் நடக்கத் தொடங்கியவர்களுக்குத் தவழ்பவர்களைவிடச் சொற்கள் அதிகம் தெரிந்திருந்தன என்று எரிக் வாலேயும் ஜோசஃப் கேம்போஸும் 2014இல் எழுதினார்கள். நடை பேச்சையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

சரி, இவ்வளவு நடையும் எங்கே போவதற்காக? பொம்மையை எடுக்க, ஆளைப் பிடிக்க என்றுதான் பெரியவர்கள் நினைப்போம். அடால்ஃப் குழுவினர் பொம்மைகள் நிறைந்த அறையையும் பொம்மையே இல்லாத வெற்று அறையையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே அளவு நடந்தார்கள். எத்தனையோ நடைகள் எந்தப் பொருளிலும் போய் முடியாமல் அறையின் நடுவிலேயே நின்றன. போவதே போவதற்கான காரணம். நாலு எட்டு, நிற்றல், திரும்பல், பின்னால் ஓர் எட்டு, மறுபடி வளைந்து மூன்று எட்டு என்று கோணல்மாணலாகத்தான் குழந்தையின் பாதை இருக்கிறது.

இந்தக் கோணல் வீண்தானோ என்ற ஐயத்துக்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. கணினிக்குள் கால்பந்து ஆடும் ரோபோக்களுக்கு நடை பழக்கும்போது, சில ரோபோக்களுக்குச் சீரான வடிவப் பாதைகளையும், சிலவற்றுக்குக் குழந்தைகள் உண்மையில் நடந்த கோணல் பாதைகளையும் கொடுத்தார்கள். பிறகு ஆட்டத்தில் மோதவிட்டால், குழந்தைப் பாதையில் பழகியவையே மேலாக ஆடின. 2018இல் வெளியான அந்த ஆய்வின் பாடம் இது: பயிற்சியின் அளவு மட்டும் போதாது, அதில் வகைகளும் வேண்டும். சிமெண்ட் தரை, மணல், கரிசல் கட்டி, வாசல் படி, நனைந்த முற்றம் என்று கிராமத்து வீட்டில் வகைக்கா பஞ்சம்?

ஒரு சிக்கல் உண்டு. தவழும்போது கற்ற எச்சரிக்கை நடைக்கு வந்து சேர்வதில்லை. எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கனத்த கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும்படி ஒரு மேசை செய்து, தவழும் குழந்தைகளை அதன் மேல் விட்டார்கள். 1960இல் வெளியான அந்த ஆய்வில் அம்மா எதிர்ப்பக்கம் நின்று கூப்பிட்டும் பெரும்பாலான குழந்தைகள் பள்ளத்தின் பக்கம் போக மறுத்தார்கள். உயரத்துக்கு அஞ்சும் அறிவு ஒருமுறை வந்துவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்று பலர் முடிவுகட்டினார்கள்.

அடால்ஃப் கண்ணாடியை எடுத்துவிட்டு, சரிவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு பலகையைச் செய்தார். விழுந்தால் பிடிக்க ஆள் பக்கத்திலேயே நின்றார். தவழக் கற்ற புதிதில் குழந்தைகள் எந்தச் சரிவிலும் தலைகீழாகப் பாய்ந்தார்கள். பல வாரம் தவழ்ந்த பிறகு, முடியும் சரிவில் இறங்கி, முடியாத சரிவின் விளிம்பில் நின்றார்கள். பிறகு நடக்கத் தொடங்கியதும், அதே குழந்தைகள் அதே செங்குத்துச் சரிவில் தயங்காமல் எட்டு வைத்து விழுந்தார்கள். அந்தப் புதுநடைக் குழந்தையை முட்டியிட வைத்துவிட்டால் எச்சரிக்கை திரும்பிவரும்; நிமிர்த்தி நிறுத்தினால் போய்விடும். பைக் ஓட்டத் தெரிந்தவர் முதன்முதலாக டிரெய்லர் மாட்டிய டிராக்டரில் ஏறினால், எந்தச் சந்தில் நுழையும், எந்த வளைவில் திரும்பும் என்ற கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருப்பது போலத்தான். குழந்தை கற்பது பள்ளத்தைப் பற்றி மட்டுமல்ல. இந்த உடம்பால், இந்த நிலையில், இந்தத் தரையில் என்ன முடியும் என்பதைக் கற்கிறது. உடம்பின் நிலை மாறியதும் பாடம் புதிதாகிறது.

கரண்டியைக் கீழே போடுவதும் இந்தக் கல்வியின் ஒரு பகுதிதான். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். அது விழுவதை எட்டிப் பார்க்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எமி ஸ்டாலும் லிசா ஃபைகென்சனும் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வித்தை காட்டினார்கள். சிலருக்கு, ஒரு பொம்மைக் கார் சுவரை ஊடுருவிப் போவது போலத் தெரிந்தது. வேறு சிலருக்கு, தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்பது போலத் தெரிந்தது. பிறகு காரைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்தவர்கள் காரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 2015இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. எதிர்பார்ப்பு எங்கே பொய்த்ததோ அதற்கேற்ற சோதனையைக் கைக்குழந்தை தானே தேர்ந்தெடுத்துச் செய்கிறது. நாம் சேட்டை என்று சொல்வதில் பாதி இதுதான்.

100 முறை விழுந்தும் குழந்தை உடையாமல் இருப்பதற்குக் காரணம் அதன் சிறிய உடம்பு. 10 கிலோ எடை, 75 அல்லது 80 சென்டிமீட்டர் உயரம். 60 கிலோ எடையும் இரண்டு மடங்கு உயரமும் உள்ள பெரியவர் நின்ற நிலையில் விழும்போது தரையில் இறங்கும் ஆற்றலில் ஏறக்குறைய 12இல் ஒரு பங்குதான் குழந்தை விழும்போது இறங்குகிறது. குழந்தை கையை ஊன்றியோ முட்டியை மடக்கியோ உட்கார்ந்தும்விடுகிறது. விழுந்த குழந்தைகளின் வீடியோக்களை அடால்ஃப் குழுவினர் பார்த்தபோது, அழுகை மிக அரிதாகவே இருந்தது; சில நொடிகளில் விளையாட்டு தொடர்ந்தது.

எனவே விழுவதைத் தடுப்பதில் வீட்டின் உழைப்பைச் செலவிட வேண்டாம். சிறிய உடம்பு காப்பாற்ற முடியாத விழுதல்கள் சில இருக்கின்றன; உழைப்பு முழுவதும் அங்கே போக வேண்டும்.

முதலாவது தண்ணீர். வானம் பார்த்த பூமியில் குழாய் வராத நாளுக்காக வாளியிலும் டிரம்மிலும் அண்டாவிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்காத வீடு இல்லை. குழந்தையின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது, கனமானது. எட்டிப் பார்க்கும்போது பாரம் முன்பக்கம் சாய்ந்து தலைகுப்புற உள்ளே போனால், கையில் இருக்கும் வலுவால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. அரைவாளித் தண்ணீர் போதும். சத்தமும் வராது. மூடி போட்டு, மூடி மேல் கல் வைப்பது சின்ன வேலை.

இரண்டாவது ஆழ்துளைக் கிணறு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாள்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. தண்ணீர் வராத கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிகாட்டியிருந்தது. கால் வைக்கும் இடம் தாங்குமா என்ற கணக்கை இன்னும் போட்டுப் பழகாத வயதில், சாக்கு போட்டு மூடிய குழியும் குழந்தைக்குத் தரைதான். போர் போட்டுத் தண்ணீர் கிடைக்காத காடுகள் நிறைந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் இது யாரோ ஒருவருடைய ஊர்க் கதை ஆகாது.

மூன்றாவது, கடையில் வாங்கும் சக்கர வாக்கர். குழந்தையை நடுவில் தொங்கவிட்டு, அதற்குச் சமநிலையே வேண்டாத ஒரு வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடி, படியிலிருந்து கீழே போகிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 2,30,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் காயப்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். கனடா 2004இல் விற்பனையையே தடைசெய்தது. நடையையும் இது விரைவுபடுத்தவில்லை. வாக்கரில் வைத்து வளர்த்த குழந்தைகள், அதிலும் காலை மறைக்கும் அகலத் தட்டு வைத்த வாக்கரில் வளர்ந்தவர்கள், மற்றவர்களைவிடத் தாமதமாகவே உட்கார்ந்தார்கள், தவழ்ந்தார்கள், நடந்தார்கள் என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊர்த் தச்சர் செய்து கொடுக்கும் மூன்று சக்கர மர நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்குகிறது, தன் பாதத்தைப் பார்க்கிறது, வண்டி ஓடினால் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் ஆள் இருக்கும்வரை அதுவே மேல்.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற வீடுகள், சாதுவாக ஒரே இடத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுவதுண்டு. அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்த குழந்தைகள் அம்மாவை ஒட்டியே இருந்தன, குறைவாகவே அலைந்து தேடின என்று கோஸ்டாரிக்காவில் பெட்ஸி லோசாஃப் கண்டறிந்தார். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அங்கன்வாடியில் 6 மாதத்திலிருந்தே கொடுக்கும் சத்துமாவைப் பெரியவர்கள் பங்குபோட்டுக்கொள்ளாமல் குழந்தைக்கே கொடுப்பது, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் முட்டையும் தட்டில் வருவது, செவிலியர் தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை விடாமல் போடுவது எல்லாம் நடையோடு சேர்ந்த விஷயங்கள். 18 மாதம் முடிந்தும் பிடிக்காமல் நடக்காத குழந்தையை, அல்லது நடந்துகொண்டிருந்து நின்றுவிட்ட குழந்தையை, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே தூக்கிக்கொண்டு போவது இன்னும் நல்லது.